கரிசல்குளத்துக்கு ஒரு பெயர் உண்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சந்தனமாரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், ‘ஹாஸ்டல் பொண்ணுங்க’ என்று உதட்டைச் சுழிக்கிறவர்களுக்கு நடுநடுவே நாலு வார்த்தை விழத்தான் செய்யும். விழுந்தால் விழட்டும்.

என் பெயர் கனகம். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இருங்காட்டுக்கோட்டையில்தான். நாங்கள் நெல் போட்ட இடத்தில் இப்போது கார் கம்பெனிக்குச் சாமான் செய்கிற ஷெட் நிற்கிறது. அதை நினைத்து மூக்கைச் சிந்துகிற ஆள் நான் இல்லை. வீட்டு முன்பக்கத்தை இடித்து, ஐந்து கம்ப்யூட்டர் போட்டு, பிரவுசிங் சென்டர் திறந்தேன். “உனக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?” என்றார் என் வீட்டுக்காரர் ரகுபதி. அவர் பேச்சை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்?

2007-ல், தீபாவளி நெருங்குகிற நேரத்தில், சந்தனமாரி முதல் தடவையாக என் கடைக்கு வந்தாள். சங்கரன்கோயிலுக்கு ரயில் டிக்கெட் வேண்டுமாம். தீபாவளியைத் தலைமேல் வைத்துக்கொண்டு டிக்கெட் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? “இப்ப வந்து நிக்கிற! இன்னா, ரயிலு உங்க மாமன் வூட்டுதா?” என்றேன். வேறு பெண்ணாக இருந்தால் முகம் தொங்கியிருக்கும். இவள் சிரித்தாள். “டிக்கெட் கெடக்கட்டும்க்கா. அந்த அண்ணன் கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்து வருதே, அது எப்படி?” என்று பக்கத்து மேஜையைக் காட்டினாள்.

அவ்வளவுதான். அடுத்த வார லீவுக்கு வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழில் விழுகிற சாப்ட்வேர் ஒன்றை நான் போட்டு வைத்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டாள். பிளஸ் டூ முடித்தவள். வேலை, காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில். ஆளுயரப் பலகையில் வயர்களை வரிசையாக மாட்டி, கட்டுக் கட்டாக டேப் சுற்ற வேண்டும். அந்தப் பலகைக்குப் பெயர் போர்டு. ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டேதான் வேலை. டேப் பசை விரலில் ஒட்டியிருப்பதால் என் கீபோர்டெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடும். நான் திட்டிக்கொண்டே துடைப்பேன். அவள் தட்டிக்கொண்டே இருப்பாள்.

இன்டர்நெட்டில் அவள் ஆரம்பித்த பிளாக்குக்கு ‘ஜன்னலோர சீட்’ என்று பெயர். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்ததை வார லீவில் வந்து அடித்துவிடுவாள். கேன்டீன் சாம்பார், தூங்கி வழிகிற சூப்பர்வைசர், ஓவர்டைம் பார்க்கச் சொன்னால் வராத காய்ச்சல் வருகிற விதம் என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள். படித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும், சிரித்து முடித்த பிறகுதான் அது சிரிக்கிற சமாச்சாரம் இல்லை என்று தெரியும். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பின்னூட்டம் போடுவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பதிவை ஒரு தப்பில்லாமல் முடித்துவிட்டு எழுந்து போவாள். எனக்குப் பெருமை தாங்காது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “இந்தச் சீட்லதான் குந்திக்கினு எழுதுது” என்று காட்டுவேன்.

கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டலில் ஒரு வழக்கம் இருந்தது. தெற்கத்திப் பெண்கள் ஒரு ரூமுக்குள் எட்டு பேர் இருந்தால் அதில் மூன்று மாரி, இரண்டு லட்சுமி இருப்பார்கள். யாரைக் கூப்பிட்டால் யார் திரும்புவது? அதனால் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சந்தனமாரி அங்கே ‘சங்கரன்கோயில்’. அவளுடைய மெத்தையில் பங்கு ‘கரிசல்குளம்’. மெத்தையில் பங்கு என்றால் நிஜமாகவே பங்குதான். இவள் காலை ஷிப்ட் என்றால் அவள் மதிய ஷிப்ட். ஒருத்தி எழுந்து போன சூட்டில் இன்னொருத்தி வந்து படுப்பாள். ஞாயிற்றுக்கிழமையில்தான் இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒருநாளில் ஒரு வாரத்துப் பேச்சைப் பேசித் தீர்ப்பார்கள்.

கரிசல்குளம் என் கடைக்கும் வருவாள். ஒல்லியாக, பெரிய கண்ணோடு, வாய் ஓயாமல் பேசுகிற பெண். அவள் பெயர் எனக்கும் தெரியாது, மற்றவர்களுக்கும் தெரியாது. சம்பளச் சீட்டிலும் அட்டென்டன்ஸ் கார்டிலும் மட்டும் அந்தப் பெயர் இருந்தது.

2009 ஆரம்பத்தில் சந்தனமாரி ‘ஏ.சி. ரூம்’ என்று ஒரு பதிவு போட்டாள். கரிசல்குளத்தைப் பற்றியது. அந்தப் பெண் தன் வீட்டில், தான் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் உட்கார்ந்து வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். அப்பா போன் செய்தால் டேபிள் ஃபேன் பக்கத்தில் போய் நின்று, “கேக்குதாப்பா? ஏ.சி. சத்தம்” என்பாளாம். “நாற்காலி சுத்துதுப்பா, ஒரே குளிரு, சால்வை வாங்கணும்” என்பாளாம். பேசி முடித்துவிட்டு, வீங்கின காலை வெந்நீர்ப் பக்கெட்டில் வைத்துக்கொள்வாளாம். இதை சந்தனமாரி எழுதியிருந்த அழகைப் பார்த்து நானே கல்லாவில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். “பேரு எழுதலக்கா. ஊரு மட்டும்தான். ஊருன்னா ஆயிரம் பேரு இருப்பாகள்ல” என்றாள்.

ஹாஸ்டலில் இருக்கிறவளுக்குத்தான் இந்தத் தப்பு வரும். தினமும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஊர்ப் பெயர் ஓர் ஆளைத்தான் காட்டிக்கொடுக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. ஒரு வாரப் பத்திரிகை அந்தப் பதிவை எடுத்து முழுப் பக்கத்துக்குப் போட்டுவிட்டது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நான் அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினேன்.

அந்தப் பத்திரிகை கரிசல்குளத்து டீக்கடைக்கும் போகும் என்று எங்கள் புத்தியில் உறைக்கவே இல்லை. அந்தச் சின்ன ஊரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்கு வந்தவள் ஒரே ஒருத்தி. அவளுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்து, பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, “இப்படிப் புளுகுற பொண்ணு எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். நிற்கிற வேலை பார்த்தால் என்ன குறைந்து போனது? இந்த மாதிரி யோக்கியர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

அவளுடைய அப்பா கொம்பையா வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார். சந்தனமாரி அந்த நேரம் ஷிப்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது மெத்தை காலியாக இருந்தது. சூடுகூட ஆறிவிட்டது.

அன்றைக்கே என் கடைக்கு வந்து அந்தப் பதிவை அழித்தாள். சுவரில் நான் ஒட்டியிருந்த பக்கத்தைக் கிழித்து எடுத்தாள். “இனி எழுத மாட்டேன்க்கா” என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன். ஹாஸ்டல் வார்டனிடம் கேட்டு, ரிஜிஸ்டரில் இருந்த அவள் பெயரையும் வீட்டு நம்பரையும் வாங்கி, மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. பிறகு அந்த நம்பரே இல்லாமல் போய்விட்டது.

அதோடு ஜன்னலோர சீட் நின்றது. ஐந்து வருஷத்துக்கு மேல் அவள் ஒரு வரி எழுதவில்லை. படிக்கிறவர்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்து போனார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாரிராஜ், கம்பெனியில் சாமான் தூக்குகிற ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறான், தங்கமான பையன். இரண்டு பேரும் வடக்குப்பட்டில் வாடகைக்குக் குடியேறினார்கள். அவளை வல்லம் வடகாலில் திறந்த புது பிளான்டுக்கு மாற்றி, புதிதாக வருகிற பெண்களுக்கு டிரெயினிங் கொடுக்கச் சொன்னார்கள். அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வரும்போது ஒன்று கவனித்தேன். எந்தப் பெண்ணையும் அவள் ஊர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். வந்த முதல் நாளே பெயரைக் கேட்டு, அதைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஆறு லட்சுமி இருந்தால் ஆறு இனிஷியலையும் சேர்த்துச் சொல்லுவாள். மற்ற லைன்காரிகள் கிண்டல் செய்தாலும் விட்டதில்லை. தப்புச் செய்துவிட்டு ஐயோ என்று உட்கார்ந்து விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தன் தப்பைத் தினமும் இப்படித் திருத்திக்கொண்டு வாழ்ந்தவள் இவள் ஒருத்திதான்.

2014 கடைசியில் என் கடையில் இரண்டு கம்ப்யூட்டர்தான் மிச்சம். எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. ஜெராக்ஸும் ரீசார்ஜுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு கஸ்டமர் ஃபேஸ்புக்கைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். என்னவென்று எட்டிப் பார்த்தேன். ‘ஏ.சி. ராணி’ என்று தலைப்பு. எவனோ ஒருவன் அந்தப் பழைய பதிவை எங்கிருந்தோ தோண்டி எடுத்து, எழுதினவள் பெயரைத் தூக்கிவிட்டு, எந்தப் பெண்ணின் படத்தையோ ஒட்டிப் போட்டிருந்தான். கரிசல்குளம் என்ற ஊர் மட்டும் அப்படியே இருந்தது. கீழே அந்தப் பெண்ணைப் பற்றி ஆளாளுக்கு அசிங்கமாக எழுதியிருந்தார்கள். “எவன்டா இவன்? இவனை இன்னா செய்யறது?” என்று கத்தினதில் கஸ்டமர் எழுந்தே போய்விட்டான்.

சந்தனமாரிக்குப் போன் செய்தேன். வந்தாள். முழுவதையும் படித்தாள்.

“அக்கா, அவ கோவில்பட்டியில ஒரு மெடிக்கல் ஷாப்ல இருக்கான்னு கேள்விப்பட்டேன். ஊருக்குப் போவும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பக்கூடப் பயந்துக்கிட்டுப் போயிருவேன். இனி முடியாது. வேற யாரும் இத அவகிட்டக் காட்டுறதுக்கு முந்தி நான் போய்ச் சொல்லணும்” என்றாள்.

“சொல்லி?”

“இவன் வாய அடைக்கணும்னா நான்தான் எழுதணும். நான் எழுதுனது, தப்பா எழுதுனதுன்னு. ஆனா அவ சரின்னு சொன்னாத்தான். வேண்டாம்னுட்டா இந்த ஜென்மத்துல எழுத்தத் தொட மாட்டேன்.”

திண்டிவனம் தாண்டி நான் போனதில்லை. இருந்தாலும் கூடவே கிளம்பினேன். தனியாக விட்டால் கடை வாசலில் நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெரு. முற்பகல் நேரம். நீலக் கோட் போட்டுக்கொண்டு, கவுன்டருக்குப் பின்னால் கரிசல்குளம் நின்றிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கண் மட்டும் அதே கண். ஒரு பெரியவருக்கு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தவள் எங்களைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் ஒரு நொடி இறுகியது.

“வாட்டி, சங்கரன்கோயிலு” என்றாள். பிறகு கவுன்டருக்குக் கீழே தன் காலைக் காட்டினாள். “இப்பமும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன் பாரு. எழுதிக்கோ.”

சுருக்கென்றது. சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள். ஃபேஸ்புக் சமாச்சாரத்தைப் போனில் காட்டினாள். அவள் படித்தாள். மருந்து வாங்க ஆள் வந்தபோது போய்க் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து மீதியைப் படித்தாள்.

“கல்யாணம் நின்னதுக்காக நான் அழுதேன்னு நெனைச்சியா?” என்றாள். “அது போனா மயிரு போச்சு. எனக்கு அப்புறம் நல்ல மனுசன்தான் வாய்ச்சாரு. நீ பாதிய எழுதுனியே, அதுதான் எனக்கு ஆறவே இல்ல.”

“என்ன பாதி?”

“எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பது வருசம் லோடு எறக்குனவரு. நின்னு நின்னு நரம்பு சுருட்டிக்கிட்டு கால் ரெண்டும் புண்ணு. என்னைய அனுப்பும்போது ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு. ‘உக்காந்து பாக்குற வேலைதானம்மா?’ன்னாரு. ஒவ்வொரு தடவ போன் போடும்போதும் அதத்தான் கேப்பாரு. நான் என்ன சொல்லுவேன்? நாற்காலி சுத்துதுன்னேன். நீ என் பதிலப் பூரா எழுதுன. அவரு கேட்ட கேள்விய எழுதலையே, ஏன்?”

“நீ எனக்குச் சொல்லவே இல்லையே புள்ள.”

“நீ கேக்கவே இல்லையே.”

சந்தனமாரி கவுன்டர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கப்பா வந்து கூட்டிட்டுப் போனாருல்ல, அன்னைக்கு என்னைய ஏசுவாருன்னு நெனைச்சேன்” என்று அவளே சொன்னாள். “ஒரு வார்த்த ஏசல. பஸ்ஸுல என் கால எடுத்துத் தன் மடியில வச்சு ஊர் வந்து சேருறவரைக்கும் அமுக்கிவிட்டுக்கிட்டே வந்தாரு. பொம்பளப் புள்ள கால அப்பன் அமுக்குறத பஸ்ஸே பாத்துச்சு. நான் அழுதது அதுக்குத்தான்.”

சந்தனமாரி கவுன்டரில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். மருந்து வாங்க வந்த அம்மா, யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்து, “ஐயோ பாவம், எப்பம்?” என்று கேட்டார்கள். அதற்கு மட்டும் நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

எழுதலாமா வேண்டாமா என்று அவள் சொல்லவில்லை. “எழுதி எனக்கு அனுப்பு. வாசிச்சிட்டுச் சொல்லுதேன். அதுக்கு முந்தி போட்டுறாத” என்றாள். எங்களை விடவில்லை. வெயில் சாய்ந்ததும் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டுத்தான் அனுப்பினாள்.

அடுத்த வார லீவில் சந்தனமாரி காலையிலேயே என் கடைக்கு வந்தாள். பழைய சீட்டிலேயே உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் வேறு, ஆள் அதே ஆள். ஐந்து வருஷத் துருவைப் பாருங்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கிறவள் மத்தியானம் வரைக்கும் ஒரு பத்தியை எழுதி எழுதி அழித்தாள். துரு மட்டும் இல்லை. பயம்தான். ஒவ்வொரு வரியையும் யார் வீட்டு டீக்கடையில் வாசிப்பார்களோ என்று எண்ணி எண்ணி எழுதினாள். நான் சாப்பாடு கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை. ஒருவழியாக முடித்ததும் கோவில்பட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நானும் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்பாவின் கேள்வி இருந்தது. பஸ்ஸில் கால் அமுக்கினது இருந்தது. ‘தப்பு என்னுடையது’ என்பதும் இருந்தது.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. படித்துவிட்டாள். பதில் வரவில்லை. சந்தனமாரி போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். “வேண்டாம்னுதான் சொல்லப் போறா” என்றாள். “வாய மூடு, அபசகுனமா பேசாத” என்று அதட்டினேன். அதட்டிவிட்டு நானும் அந்தப் போனையேதான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

கடைசியில் போனே அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏட்டி, என்ன இது, ‘ஒரு தோழி’ன்னு எழுதியிருக்க?”

“உனக்கு மறுபடியும் ஒன்னும் வந்துரக் கூடாதுன்னுதான் புள்ள. ஊரக்கூட எடுத்துட்டேன்.”

“அன்னைக்காச்சும் என் ஊரு இருந்துச்சு. இன்னைக்கு அதுவும் இல்ல.” குரல் உடைந்தது. “ரெண்டு வருசம் ஒரே மெத்தையில படுத்தோம். அந்த ரூமுல ஒருத்தி என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடல. ஃபேஸ்புக்ல அந்த நாயும் ஏ.சி. ராணிங்கிறான். எனக்கு எங்கப்பா வச்ச பேரு ஒன்னு இருக்கில்ல? அது எங்க?”

சந்தனமாரி போனை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ‘ஒரு தோழி’ என்று இருந்த இடத்தையெல்லாம் தேடித் தேடி அழித்தாள். அங்கெல்லாம் வேல்விழி என்று அடித்தாள். தலைப்பையும் எடுத்துவிட்டு வேல்விழி என்றே வைத்தாள். “போடட்டுமா, வேல்விழி?” என்று கேட்டாள்.

“போடு” என்றாள் வேல்விழி.

இப்படி ஜன்னலோர சீட் திரும்பி வந்தது. காணாமல் போயிருந்த பழைய வாசகர்கள் எங்கிருந்துதான் வந்தார்களோ, பொழுது சாய்வதற்குள் வரிசை கட்டினார்கள். ஃபேஸ்புக்கில் அவன் போட்டதற்குக் கீழே ஆளாளுக்கு இந்தப் பதிவைக் கொண்டுபோய் ஒட்டவும் அவன் சத்தமில்லாமல் தன்னுடையதை எடுத்துவிட்டான். எனக்கு வாய் நிறையத் திட்டக் கொடுத்து வைக்கவில்லை.

ஆனால் முதல் பின்னூட்டம் அவர்கள் யாருடையதும் இல்லை. அதைச் சந்தனமாரி சத்தமாக வாசித்தாள், பாதிக்கு மேல் முடியாமல் என்னிடம் கொடுத்தாள். நான் வாசித்தேன்:

“அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசி என்றார். வாசித்தேன். ஒரே ஒரு தப்பு இருக்கிறது. நான் நின்றது நாலாவது போர்டு இல்லை, ஆறாவது. மாற்றிவிடு. கொ. வேல்விழி, கரிசல்குளம்.”

சந்தனமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, போர்டு நம்பரை மாற்றினாள்.